டாவோ, பிலிப்பைன்ஸ், ஆகஸ்ட் 2025

ஆகஸ்ட் 12, செவ்வாய். சென்னை விமான நிலையம்

என்எஸ்1 பாசிட்டிவ், டெங்குதான். பிளேட்லெட் 1,12,000. டாவோவில் டாக்டருக்குப் படிக்கும் தம்பியின் அறைத் தோழன் அனுப்பிய படத்தில் இந்த இரண்டும்தான் தெரிகின்றன. மீதியைக் கட்டைவிரல் மறைத்திருக்கிறது.

அம்மாவிடம் பாஸ்போர்ட் இல்லை. என்னிடம் இருந்தது, என்றைக்கோ எடுத்து முத்திரையே விழாமல். பிலிப்பைன்ஸுக்கு இந்தியர்கள் 14 நாள் வரை விசா இல்லாமல் போகலாம் என்று ஜூனிலிருந்து விதி வந்திருக்கிறது. நீட்டிக்க முடியாதாம். 14 நாள் போதும். போதாமல் எங்கே போகும்.

கைப்பையில் அம்மா நிலவேம்புப் பொட்டலத்தைத் திணித்திருக்கிறாள். ஸ்கேனரில் இருந்தவன் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

ஆகஸ்ட் 13, புதன், இரவு

வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் தோரணம், பேனர், மஞ்சள் விளக்கு. கடயாவன் அறுவடைத் திருவிழா பார்க்கத்தானே வந்தீர்கள் என்றார் டாக்சிக்காரர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஹோட்டலில் அறையே கிடைக்காதே, எங்கே தங்குவீர்கள் என்று அடுத்த கேள்வி. ஆஸ்பத்திரிப் பெயரைச் சொன்னதும் ரேடியோவை அணைத்துவிட்டார்.

இருவர் படுக்கும் அறை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பந்தாய், அதாவது துணைக்கு ஒரு ஆள், இருந்தே ஆக வேண்டும். என் கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள். மருந்துச் சீட்டோடு கீழே ஓடுவது, சலைன் தீர்வதைப் பார்ப்பது, குடித்த தண்ணீரையும் போன சிறுநீரையும் அளந்து எழுதுவது எல்லாம் பந்தாய் வேலை. உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. படுக்க அதே பிளாஸ்டிக் நாற்காலி.

"எதுக்குக்கா வந்த, உன் லீவெல்லாம் போயிடும்." கண் சிவந்திருக்கிறது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறதாம். 88,000.

ஆகஸ்ட் 14, வியாழன், காலை

காய்ச்சல் விட்டுவிட்டது! அம்மா போனிலேயே அழுதாள்.

ஆகஸ்ட் 14, மதியம்

டாக்டர் சின்னப் பெண், என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருப்பாள். காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடாதீர்கள், டெங்குவில் இனிமேல்தான் பார்க்க வேண்டிய நேரம் என்கிறாள். காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாளில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியுமாம். பிளேட்லெட்டைவிட ஹீமட்டோகிரிட் மேல்தான் அவள் கண், ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்கிற கணக்கு. அது ஏறினால் ரத்தம் கெட்டிப்படுகிறது. நேற்று 41, இன்று 46. வயிறு வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, கைகால் சில்லிட்டாலோ உடனே கூப்பிடுங்கள் என்றாள். அதிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவன் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். ஏசி அறையில் எல்லாப் பாதமும் சில்லென்றுதான் இருக்கிறது. என் பாதத்தையும் தொட்டுப் பார்த்தேன், அதுவும் சில்லென்றிருந்தது.

இதையெல்லாம் நான்காம் வருடம் படிக்கிறவன் படுத்துக்கொண்டே கேட்டான். "பரீட்சையில எழுதியிருக்கேன்கா, பத்து மார்க்கு." அடிக்க வேண்டும் போல வந்தது.

அம்மாவிடம் 46-ஐச் சொல்லவில்லை. குடும்பக் குரூப்பில் பெரியப்பா, "50,000-க்குக் கீழ போனா ஏத்தச் சொல்லு" என்று போட்டிருக்கிறார். ரத்தம் கசியாமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பிளேட்லெட் ஏற்றுவதில்லை என்கிறாள் டாக்டர். பெரியப்பா விசைத்தறி வைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 14, இரவு

58,000. எங்கோ மேளம் ஒத்திகை பார்க்கிறார்கள். நிறுத்தி நிறுத்தி, அதே இடத்தை மறுபடி மறுபடி.

பக்கத்துக் கட்டிலில் ஒரு லோலோ, தாத்தா என்று அர்த்தம், நிமோனியா. துணைக்கு மகள். எல்லாரும் ஆத்தே, அதாவது அக்கா, என்கிறார்கள், நானும் ஆத்தே என்கிறேன். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு லோலோ தூங்க, இவர் கட்டில் ஓரத்தில் மணி கோக்கிறார். தன் மகள் சனிக்கிழமை தெருநடனத்தில் ஆடுகிறாளாம். எனக்கும் ஒரு ஊசி கொடுத்தார். மூன்று சிவப்பு, ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. பதினோரு மணி வரை கோத்தேன். பாதத்தைத் தொட எழுந்திருக்கும்போதெல்லாம் எண்ணிக்கை விட்டுப்போனது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆடி கடைசி வெள்ளி. அம்மா கோயிலில் கூழ் ஊற்றியிருக்கிறாள். அவனுக்குச் சரியானதும் பண்ணாரியில் குண்டம் இறங்குவான் என்று வேண்டியும் விட்டாளாம். இறங்கப் போகிறவனைக் கேட்கவில்லை.

இங்கேயும் விடுமுறை, நம் சுதந்திர தினத்துக்காக இல்லை. ஆகஸ்ட் மூன்றாம் வெள்ளி கடயாவனுக்காக டாவோவுக்கென்று சட்டம் போட்டுக் கொடுத்த லீவு. அதனால் பில் கவுண்டரில் ஆள் கிடையாது, லேப் முடிவு இரண்டு மணி நேரம் தாமதம். ஊரே சந்தோஷமாக இருக்கிற நாளில் ஆஸ்பத்திரியில் கிடப்பதைவிட எரிச்சலான காரியம் வேறில்லை.

34,000. ஹீமட்டோகிரிட் 48.

லோலோ இன்று உட்கார்ந்து பேசினார். அவர்கள் பகோபோ தகபாவா, ஆப்போ மலையடிவாரத்து மக்கள். 2,954 மீட்டர், இந்த நாட்டிலேயே உயரமான மலை. ஜன்னல் வழியாகக் காட்டினார், எனக்கு மேகம்தான் தெரிந்தது. இந்த விழாவை 1986-இல் ஆரம்பித்தபோது ஆப்போ துவாலிங் என்று கூப்பிட்டார்களாம். ஆப்போ மலை, துரியான் பழம், வாலிங்-வாலிங் என்கிற ஆர்க்கிட் பூ, மூன்றையும் ஒட்டிய பெயர். சர்வாதிகாரி மார்க்கோஸ் நாட்டைவிட்டு ஓடிப்போன வருடம் அது. ஊரில் ஒரு பக்கம் கெரில்லாக்கள், ஒரு பக்கம் அவர்களை வேட்டையாடும் கும்பல். இருட்டினால் யாரும் வெளியே தலைகாட்ட மாட்டார்களாம். ஜனங்களைத் தெருவுக்குக் கொண்டுவர அரசாங்கம் பிடித்த வழிதான் இந்த மேளமெல்லாம் என்றார். 1988-இல் கடயாவன் என்று மாற்றியது அப்போதைய மேயர் டுடெர்டே. ஜனாதிபதியாகவும் இருந்துவிட்டு இப்போது ஹேக்கில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றக் காவலில் இருக்கிறாரே, அவர்தான். அந்தப் பெயர் வந்ததும் ஆத்தே பேச்சை மாற்றினார்.

"அதுக்கு முன்னாடியும் அறுவடை முடிஞ்சா மனமாவுக்குப் படைப்போம். அதுக்கு நடுவர் கிடையாது, மார்க் கிடையாது" என்றார் லோலோ. மனமா அவர்களுடைய பெரிய தெய்வம். இப்போது 11 இனங்களுக்கும் மக்சைசாய் பூங்காவில் ஆளுக்கொரு வீடு கட்டிக் காட்டுகிறார்கள். பகோபோ, அத்தா, மத்திக்சலுக், ஓவு-மனுவு ஒரு பக்கம். மரானாவ், மகிந்தனாவ், தவுசுக் என்று முஸ்லிம் மக்கள் ஒரு பக்கம். ஆனால் தெருவில் ஆடுவது பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பயிற்சி கொடுப்பது சம்பளத்துக்கு வந்த மாஸ்டர்கள். ஆத்தேயின் மகளாவது அந்த இனத்துப் பெண். அவளுக்கும் உடுப்பு பாலியெஸ்டர், பிளாஸ்டிக் மணி. வாழை இனத்து அபாகா நாரில் பாட்டி நெய்த இனாபல் துணி வீட்டுப் பெட்டியில் இருக்கிறதாம். வெயிலில் வியர்வை பட்டால் பாழாகிவிடும், அதைத் தெருவுக்கு யார் கொண்டுவருவார் என்று ஆத்தே கேட்டார். சரிதான். நம் ஊரிலும் நகை லாக்கரில் இருக்கும், கவரிங்தான் கல்யாணத்துக்கு வரும்.

சாயங்காலம் ஒரு பாட்டிலில் பழுப்புத் தண்ணீர் கொண்டுவந்து, தம்பிக்குக் கொடு, டெங்குவுக்குத் தவா-தவா என்றார். செடியையும் காட்டினார். அம்மான் பச்சரிசி! எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் கல்லைச் சுற்றி மண்டிக் கிடக்கிறதே, கிள்ளினால் பால் வருமே, அதே செடி. என் பையில் நிலவேம்பு, அவர் பையில் இது. கொடுத்தேனா என்று இங்கே எழுதப் போவதில்லை, தம்பி இதைப் படிப்பான்.

ஆகஸ்ட் 16, சனி, காலை 5 மணி

17,000. ஈறில் ரத்தம். தலையணை உறையில் ஒரு ரூபாய் அளவு.

ஆகஸ்ட் 16, சனி, பிற்பகல்

எழுதினால்தான் கை நடுக்கம் நிற்கும்.

தம்பிக்கு பி நெகட்டிவ். ஈரோட்டிலேயே அலைய வேண்டிய வகை. இங்கே நூற்றில் ஒருவருக்குக்கூட ஆர்எச் நெகட்டிவ் இருக்காதாம். பிளேட்லெட்டுக்கு அது பெரிய தடை இல்லை, ஆனால் உள்ளே ரத்தம் கசிந்து ரத்தமே ஏற்ற வேண்டி வந்தால் தேடிக்கொண்டிருக்க முடியாது, ஆட்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் டாக்டர். தமிழ்ப் பையன்கள் குரூப்பில் போட்டேன். இவ்வளவு தமிழ்ப் பிள்ளைகள் இந்த ஊரில் டாக்டருக்குப் படிப்பது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. அரைமணியில் இரண்டு பேர். ஒருவன் திண்டுக்கல், பி நெகட்டிவ். ஒருவன் கடலூர், ஓ நெகட்டிவ்.

ஆனால் அவர்கள் அந்தப் பக்கம், ஆஸ்பத்திரி இந்தப் பக்கம், நடுவில் இந்தாக்-இந்தாக், அந்தத் தெருநடனம். தெருவெல்லாம் அடைப்பு. ஜீப்னி இல்லை, டாக்சி இல்லை. நடந்து வருகிறோம்கா என்றார்கள். அப்புறம் போன் போகவில்லை. இத்தனை லட்சம் கையும் ஒரே நேரத்தில் வீடியோ அனுப்பினால் டவர் என்ன செய்யும். ஆத்தே இரண்டு கட்டிலையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்ல, நான் சான் பெட்ரோ தெருப் பக்கம் ஓடினேன்.

தடுப்புக் கம்பியில் பை சோதனை. முதுகுப் பைக்கு அனுமதி இல்லை. 2016 செப்டம்பரில் ரோஹாஸ் இரவுச் சந்தையில் குண்டு வெடித்ததிலிருந்து கூட்டம் என்றாலே இந்த ஊர் இப்படித்தானாம். கம்பிக்குப் பின்னால் ஏழு வரிசை ஆட்கள். குறுக்கே போக விடமாட்டேன் என்றார் காவலர், இந்தக் குழு முடியட்டும். நான் ரத்தம் என்றேன், மருத்துவமனை என்றேன், எமர்ஜென்சி என்றேன். ஆமாம் மேடம், இந்தக் குழு முடியட்டும்.

நின்றேன். வேறென்ன செய்வது.

முதலில் காதில் விழுந்தது அகுங். ஆள் இடுப்பளவில் தொங்கும் பித்தளை மணிவட்டம், அடித்தால் கேட்பதற்கு முன் நெஞ்செலும்பு அதிர்கிறது. அதன் மேல் பறை மாதிரி ஏதோ நூறு கைகள். பிள்ளைகள் வந்தார்கள். பதினான்கு, பதினைந்து வயதுதான் இருக்கும். வெறும் காலில் தார்ச்சாலை. கணுக்காலில் சலங்கை. விதைக்கிறார்கள், குனிந்து அறுக்கிறார்கள், கூடையைத் தலைக்கு மேல் தூக்குகிறார்கள், எல்லார் முகத்திலும் சிரிப்பு. அந்தச் சிரிப்பை ஒரு இஞ்சு குறைக்கக்கூடாது என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஒரு பெண்ணின் தலை அலங்காரம் கழன்று காதில் தொங்கியது, சிரிப்பு அப்படியே இருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. 17,000, 17,000 என்று அகுங் அடிக்கிற கணக்கிலேயே மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் எல்லாரும் கத்துகிறார்கள். பக்கத்திலிருந்த அம்மாள் எனக்கும் சேர்த்து விசிறினார்.

சிவப்பு மூன்று, வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று. மூன்றாவதோ நாலாவதோ வரிசையில் பார்த்தேன். ஆத்தேயின் மகள் யார் என்று எனக்குத் தெரியாது. அந்த மணிச்சரம் இருபது கழுத்தில் இருந்தது. ஒன்றில் கணக்குத் தப்பியிருக்கும், அது நான் கோத்தது. தேடினேன். பைத்தியக்காரத்தனம்தான், ஆனாலும் அந்தக் குழு தாண்டிப் போகிற வரை தேடினேன்.

யாரோ "அக்கா" என்றார்கள். இரண்டு பையன்களும் கம்பிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தார்கள், வேறு வழியாகச் சுற்றி வந்திருக்கிறார்கள். கடலூர்க்காரன் கையில் மாங்காய்த் துண்டு, இறால் விழுதோடு. ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வரக்கூடாதுல்ல அக்கா என்றான்.

ஆகஸ்ட் 16, இரவு

ஈறு நின்றது. பையன்கள் வராந்தாவில் தூங்குகிறார்கள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

23,000! ஹீமட்டோகிரிட் 43. எண்ணிக்கையைவிட இந்த 43 நல்ல செய்தி என்கிறாள் டாக்டர்.

வெளியே பமுலாக், பூவும் பழமுமாக அலங்கரித்த வண்டிகளின் ஊர்வலம். லோலோவுக்கு அதைப் பார்த்தே ஆக வேண்டும். எழுந்து நின்றால் மூச்சு வாங்குகிறது. ஆத்தே போனில் நேரலை போட்டுப் பிடித்தார். லோலோ ஒவ்வொரு வண்டிக்கும் குறை சொன்னார். இது நிஜ வாலிங்-வாலிங் இல்லை, கடையில் வாங்கிய ஆர்க்கிட். இதில் பாதி பிளாஸ்டிக். இது கம்பெனி விளம்பரம். ஒரு வண்டிக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

மகளின் பள்ளிக்குப் பரிசு இல்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

41,000.

அறைத் தோழன் துரியான் கொண்டுவந்தான். ஆறு பைக்குள் சுற்றி. ஆஸ்பத்திரி வாசலில் துரியானுக்குத் தடை என்று படமே போட்டிருக்கிறது. படிக்கட்டில் நின்று தின்றோம். வாசம் நான் பயந்த அளவுக்கு இல்லை, ருசி அவர்கள் பீற்றிய அளவுக்கும் இல்லை. இரண்டாவது சுளையில் கொஞ்சம் புரிந்தது. மாடிக்குப் போனதும் நர்ஸ் மூக்கைச் சுருக்கி என்னைப் பார்த்தார். நான் சலைனைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 19

சொறிகிறான். உடம்பெல்லாம் சிவந்து நடுவில் வெள்ளைத் திட்டு. தேறும்போது இப்படித்தான் வருமாம். அதற்கும் பத்து மார்க்காம். அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு அம்மை என்கிறாள், வேப்பிலைக்கு எங்கே போவேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

96,000. நாளை வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். பில்லில் நான் வாங்காத கையுறைக்கெல்லாம் கணக்கு. ஒரு பெசோவுக்கு ஒன்றரை ரூபாய் என்று பெருக்கிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். விசா நாள் இன்னும் மிச்சம் இருக்கிறது, அவன் அறையைக் கழுவி, அந்தத் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து, கொசுவலை வாங்கிக் கட்டிவிட்டுத்தான் போவேன்.

லோலோவை விடியற்காலை கீழே ஐசியுவுக்கு மாற்றிவிட்டார்கள். ஆத்தேயின் பை, ஊசிப்பெட்டி எல்லாம் இங்கேயே இருக்கின்றன. அங்கே உள்ளே ஒரு பந்தாய்க்கு மட்டும்தான் அனுமதி, காலையிலிருந்து சாப்பிட்டாரா தெரியவில்லை. மெஸ்ஸில் சொல்லி இரண்டு பேருக்குச் சோறு வரவழைத்திருக்கிறேன். ரசம் வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து மீதி