‘இந்தக் காணியில் வாழ்ந்தார்’: ஒரு நினைவுப் பலகைக்காக அலைந்த பதினெட்டு மாதங்கள்

எங்கள் சித்திர ஆசிரியர் வாழ்ந்த இடத்தில் நினைவுப் பலகை வைப்பதற்கு 2024 பெப்ரவரியில் முதல் விண்ணப்பத்தைக் கொடுத்தோம். பலகை ஏறியது 2025 ஓகஸ்டில். இடையில் போன நாட்களில் பெரும்பகுதி வீண் அலைச்சல். இதே எண்ணத்தோடு வன்னியில் வேறு யாரும் இருந்தால் அவர்களுக்கு உதவட்டும் என்றே எழுதுகிறேன்.

எண்ணம் லண்டனில் பிறந்தது. 2023இல் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது, பார்க்ஹில் வீதி 60ஆம் இலக்க வீட்டுச் சுவரில் இருக்கும் நீல வட்டப் பலகையின் முன் நின்றேன். கறுப்புக் கோடுகளாலும் சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்களாலும் நவீன ஓவியத்தின் போக்கை மாற்றிய ஒல்லாந்து ஓவியர் பியற் மொன்ட்ரியான் இங்கு வாழ்ந்தார் என்று அது சொல்கிறது. அவர் அங்கே இருந்தது இரண்டே ஆண்டுகள், அதுவும் வாடகை அறையில். போருக்கு அஞ்சி 1938 செப்ரெம்பரில் பாரிஸை விட்டு வந்தவர், அறைக்கு வெள்ளையடித்து வேலையைத் தொடங்கி, 1940இல் அயலில் குண்டு விழுந்த பிறகு நியூயோர்க்குக்குப் போனார். ஐரோப்பாவில் தொடங்கிய ஓவியங்கள் சிலவற்றை அங்கே வைத்துத்தான் முடித்தார். இரண்டு இடப்பெயர்வுகளுக்கு நடுவே தங்கிய ஓர் அறைக்கு இந்த மதிப்பு என்றால், கிளிநொச்சி உருத்திரபுரத்தில் முப்பது வருடம் இருந்து எங்களுக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுத்தந்த மனிதருக்கு ஏன் ஒரு கல்லுக்கூட இல்லை என்ற கேள்வி என்னை விடவில்லை.

ஊர் திரும்பியதும் பழைய மாணவர்கள் ஒன்பது பேர் கூடினோம். பணம் ஒரு கிழமையில் சேர்ந்தது. 1866இல் தொடங்கிய அந்த லண்டன் நீலப் பலகைத் திட்டத்தின் நிபந்தனைகளையே நாங்களும் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டோம்: அவர் இறந்து இருபது ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், வாழ்ந்த கட்டடம் நிலைத்திருக்க வேண்டும், உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். எங்கள் ஆசிரியர் 2003இல் காலமானவர் என்பதால் முதலாவது சரியாக இருந்தது. இரண்டாவதில்தான் இடறினோம். விண்ணப்பத்தில் ‘அவர் வாழ்ந்த வீடு’ என்று எழுதிக் கொடுத்தபோது, எழுதுவினைஞர் காணிக் கோவையைப் புரட்டிவிட்டு, “ஐயா, இந்த வீடு 2012இல் வீட்டுத்திட்டத்தில் வந்தது. 2003இல் செத்தவர் இதில எப்படி இருந்திருப்பார்?” என்று கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தார். அவர் கேட்டது பிழையல்ல. ஆனால் 2009க்கு முந்திய வீடு எதுவும் முழுதாக நிற்காத ஊரில் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? இரண்டாவது விண்ணப்பத்தில் ‘வீடு’ என்ற சொல்லையே எடுத்துவிட்டு, ‘காணி’ என்று எழுதினோம். நீங்களும் முதலிலிருந்தே அப்படி எழுதுங்கள்.

அடுத்த தடை, ஒழுங்கையோரம் தூண் கட்டுவதானால் சபைத் தீர்மானம் வேண்டும் என்பது. உள்ளூராட்சிச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே மாதம்வரை தேர்தல் நடக்கவில்லை. “சபையே இல்லை, ஆர் தீர்மானம் எடுக்கிறது?” என்ற பதிலைக் கேட்க மட்டும் மூன்று முறை போயிருக்கிறேன்.

அந்தக் காத்திருப்பில் சான்றுகளைத் தேடினோம். கிராம அலுவலரிடம் பழைய பதிவேடுகள் இல்லை. அவை இடப்பெயர்வில் போய்விட்டன. ஆசிரியரின் சேவைக் கோவையைத் தேடிக் கல்வி அலுவலகம் ஒன்றுக்குப் போனபோது, பொறுப்பானவர் விடுமுறை என்று முதல் நாளும், அப்படியொரு கோவையே இல்லை என்று இரண்டாம் நாளும் சொன்னார்கள். நாற்பது கிலோமீற்றர் போய்வந்து முதல் நாள் கேட்டிருக்க வேண்டிய பதில் அது. பிறகுதான், அவருடைய மனைவி 2017இல் இறக்கும்வரை விதவை ஓய்வூதியம் பெற்றவர் என்பது ஒரு மாணவிக்கு நினைவு வந்தது. அந்த ஓய்வூதியக் கோவையில், ஆசிரியர் இளைப்பாறிய கடிதத்தின் பிரதி, உருத்திரபுர முகவரியோடு இருந்தது. பழைய அரச ஊழியர்களைப் பற்றித் தேடுகிறவர்கள் முதலில் துணைவரின் ஓய்வூதியக் கோவையைக் கேளுங்கள். கொடுப்பனவு நடந்துகொண்டிருந்ததால் அது போருக்குப் பிறகும் புதுப்பிக்கப்பட்டிருக்கும்.

காணி ஆசிரியரின் மகள் பெயரில் இருக்கிறது; அவர் கனடாவில். வட்ஸ்அப்பில் அனுப்பிய சம்மதக் கடிதம் செல்லாது என்றார்கள். தன் சார்பில் இங்கே ஒருவர் கையொப்பமிட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பினார். அதில் தலைப்பெழுத்து அடையாள அட்டையோடு ஒத்துப்போகவில்லை என்று அதுவும் திரும்பியது. அந்த ஓர் எழுத்துக்கு நான்கு மாதம் போயிற்று.

2025 யூலையில் புதிதாக வந்த ஓர் உத்தியோகத்தர் நேரில் இடம் பார்க்க வந்தார். வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன். அந்தக் காணியில் ஆசிரியர் காலத்துப் பொருள் அந்தக் கிணறு மட்டும்தான். கட்டின் மேல்விளிம்பில், சீமெந்து காயுமுன் ஆணியால் கீறிய ஒற்றைக்கால் கொக்கு ஒன்று இருக்கிறது. கழுத்து ஒரே இழுப்பில் வளைந்து இறங்கும், கீழே 1974 என்ற ஆண்டு. பாசியைத் தேங்காய்த் தும்பால் தேய்த்துக் காட்டினேன். உத்தியோகத்தர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, வேலிக்கு உள்ளே, இந்தக் கிணற்றுக்கட்டிலேயே பலகையைப் பதித்தால் சபைத் தீர்மானம் தேவையில்லை, உரிமையாளரின் சம்மதம் போதும் என்றார். ஒழுங்கையில் நின்றாலே கிணறு தெரியும். இந்த ஒரு வரியை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் ஓராண்டுக்கு மேல் மிஞ்சியிருக்கும் என்பதை நினைக்க இப்போதும் மனம் எரிகிறது.

கல் வெட்டுமிடத்திலும் கவனம் தேவை. நாங்கள் யூனிகோட்டில் அனுப்பிய வாசகத்தைக் கடைக்காரர் தன் கணினியிலிருந்த பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றியபோது கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் விழுந்து, ‘வாழ்ந்தார்’ மட்டும் தப்பியிருந்தது. நல்லவேளையாக வெட்டுமுன் காகிதத்தில் அச்செடுத்துத் தரச் சொல்லியிருந்தோம். கடையிலேயே உட்கார்ந்து பாமினியில் அடிப்பித்து, இரண்டு பேர் எழுத்தெழுத்தாகப் பார்த்த பிறகே வெட்டவிடுங்கள்.

பலகை பதிக்க வந்த மேசன், நல்லெண்ணத்தோடுதான், வெடித்துக் கிடக்கும் கிணற்றுக்கட்டைப் புதிதாகப் பூசித் தருகிறேன் என்று சீமெந்து குழைக்கத் தொடங்கிவிட்டார். நான் ஓடிப்போய்த் தடுத்தேன். கொக்கு இருந்த இடத்தில் நனைத்த சாக்கை நாலாக மடித்து விரித்து, மேலே இரண்டு செங்கல் வைத்த பிறகுதான் வேலையைத் தொடரச் சொன்னோம்.