பழம் கிண்டிய நாட்கள்

2024 டிசெம்பர் 1, ஞாயிறு

திருவருகைக் காலம் இன்று தொடங்கியது. கோவிலால் வந்ததும் நத்தார் கேக்குக்காகப் பிளம்ஸ், சுல்தானா, பேரீச்சம்பழம், இஞ்சிப்பாகு அனைத்தையும் மேசையில் பரப்பி வெட்டி, பிரண்டியும் தேனும் விட்டுப் பழைய ஊறுகாய்ச் சாடியில் அடைத்தேன். வெட்டியவன் நான், எவ்வளவு சிறிதாக வெட்டவேண்டும் என்பதைக் கட்டிலில் இருந்தபடி சொன்னவள் இவள், என் மனைவி. ஒரு பேரீச்சம்பழத்தை எட்டாக வெட்டிக் காட்டினேன். பன்னிரண்டாக வெட்டலாம் என்றாள். முற்றத்து வெள்ளம் இன்னும் முழுதாக வற்றவில்லை.

டிசெம்பர் 3, செவ்வாய்

இவளுடைய மருத்துவ அறிக்கை வரவில்லை. பழம் கிண்டினேன்.

டிசெம்பர் 5, வியாழன்

ஐந்து வகைப் பலகாரம் சுடுவது இவ்வீட்டு வழக்கம். இவ்வாண்டு அது நடவாது என்பதால், பாஷையூரில் இருக்கும் மச்சாளையும் கொழும்புத்துறையில் இருக்கும் தங்கச்சியையும் அழைத்து, வீட்டுக்கு ஒரு வகையாக, மூன்று வீட்டுக்கும் காணும் அளவில் சுட்டு மாற்றிக்கொள்வோம் என்றேன். முறுக்கை நான் எடுத்துக்கொண்டேன், ஏனெனில் அதை ஒரு கிழமைக்கு முன்னரே சுட்டுப் பேணியில் அடைத்துவிடலாம். பயற்றம் பணியாரம் தேங்காய்ப்பூ சேர்வதால் நெடுநாள் நில்லாது. கடைசி நாட்களில் கை ஓய்வாக இருக்கும் மச்சாளிடம் அது போயிற்று. தங்கச்சிக்குச் சீனி அரியதரம். சிப்பியும் கொக்கிசும் இம்முறை இல்லை.

மச்சாள்தான் முகம் சுளித்தார். “அடுத்த வீட்டில சுட்டதை எங்கட பலகாரமெண்டு தட்டில வைக்கிறதோ?” என்று கேட்டார். மூன்று வீட்டுக்கும் வந்துபோகிறவர்கள் ஒரே ஆட்கள். ஒரு கடியிலேயே எவர் கைப்பக்குவம் என்று சொல்லிவிடக்கூடியவர்கள். அவர்களிடம் எதை மறைப்பது? கொக்கிஸ் இல்லை என்பதை இவளிடம் சொல்வதற்கு எனக்குப் பின்னேரம் வரை சென்றது.

டிசெம்பர் 9, திங்கள்

தேங்காய் 200 ரூபாவைத் தாண்டிவிட்டது. வளவுத் தென்னையில் பறித்த பதினான்கையும் எண்ணிக் கட்டிலின் கீழே உருட்டிவிட்டேன். சொதிக்கு நான்கு, இறைச்சிக் கறிக்கு இரண்டு, மச்சாளின் பணியாரத்துக்கு ஐந்து; மிகுதி மூன்றையும் எவரும் தொடக்கூடாது.

டிசெம்பர் 13, வெள்ளி

வடமராட்சியில் எலிக்காய்ச்சல் என்று எல்லோரும் பேசுகிறார்கள். பாலன் குடிலுக்கு வயலில் மண் எடுக்கப் புறப்பட்ட பேரப்பிள்ளைகளை மறித்து, வெள்ளம் நின்ற இடத்தில் கால் வைக்கக்கூடாது என்று சொல்லி, காய்ந்த வைக்கோல் ஒரு கட்டு வாங்கிக் கொடுத்தேன். குடில் இனி அவர்களுடைய பொறுப்பு. ஒட்டகம் கூரைமேல் ஏறினாலும் நான் வாய் திறக்கமாட்டேன்.

நத்தார் வேலை என்றால் சமையல்தான் என்று முப்பத்தெட்டு வருடமாக நினைத்திருந்தேன். இன்று இவளிடம் கேட்டுக் கேட்டு, கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்த காலத்துப் பேரேட்டின் கடைசித் தாள்களில் எழுதியபோது 41 விடயங்கள் சேர்ந்தன. அவற்றுள் அடுப்போடு தொடர்புடையவை ஒன்பதே. முன்வீட்டார் விரதகாரர், முட்டை சேர்ந்த கேக் அவர்களுடைய தட்டில் போகக்கூடாது. மருமகனுக்கு நண்டு ஒவ்வாது. பெரியம்மாவைத் தொலைபேசியில் அழைத்தால் போதாது, நேரில் போய்ச் சொல்லவேண்டும். காணிப் பிரச்சினைக்குப் பின் பேசாதிருக்கும் இரு மைத்துனர்களையும் ஒரே நேரத்துக்குச் சாப்பிட அழைக்கக்கூடாது. பங்குனியில் கணவரை இழந்தவர் வீட்டில் பலகாரம் சுடமாட்டார்கள், அங்கே முதல் தட்டு போகவேண்டும். இவ்வளவையும் எங்குமே எழுதாமல் தலைக்குள் வைத்துக்கொண்டு, அடுப்படியில் நின்றபடி, உப்புக் காணுமோ என்று என்னிடம் கேட்டிருக்கிறாள். நானும் காணும் என்று சொல்லிவிட்டுப் பத்திரிகை பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் எழுதினோம். வேறு பெயர் விழுந்த வேலையைப் பற்றி அவள் விசாரிக்கக்கூடாது என்பது நிபந்தனை. அதற்கு ஒப்புக்கொண்டு கண்ணை மூடியவள் பத்து நிமிடத்தில், “இஞ்சருங்கோ, பழம் கிண்டினீங்களோ?” என்றாள். அதற்கு எதிரே என் பெயர் இருந்தது.

டிசெம்பர் 16, திங்கள்

பலர் சேர்ந்து வெட்டிப் பிரிக்கும் பங்கு இறைச்சிக்குச் சொல்லியாயிற்று: எங்களுக்கு இரண்டு பங்கு, 24 காலை ஆறு மணிக்கு. கடையில் வரிசையில் நிற்கத் தேவையில்லை. எலும்பும் ஈரலும் எல்லாப் பங்கிலும் சமமாக விழும். பாத்திரம் கொண்டுபோக மறக்கக்கூடாது.

டிசெம்பர் 18, புதன்

முறுக்கு, இரண்டு பேணி. என் பிழிவு கோணல், சுவையில் குறையில்லை. அறிக்கை வரவில்லை.

டிசெம்பர் 20, வெள்ளி

கேக் கலவையை வெதுப்பகத்துக்குக் கொண்டுபோனேன். வீட்டு அடுப்பில் நான்கு தட்டுக்கு ஒரு பகல் முழுவதும் போய்விடும். போறணையில் ஒரே சூட்டில் முடியும். ஒரு தட்டின் அடி கருகிவிட்டது, ஏனெனில் காகிதத்தை இரண்டு மடிப்பாகப் போடும்படி இவள் சொன்னதை நான் ஒன்றாகப் போட்டிருந்தேன். கருகிய பகுதியைச் சீவி, துண்டுகளாக்கி, எண்ணெய்த்தாளில் சுற்றி, எங்கள் வீட்டுப் பங்கு என்று ஒதுக்கினேன்.

சாடி கழுவிக் கவிழ்த்தாயிற்று. இரவு எட்டு மணிக்குப் பழக்கத்தில் அகப்பையோடு அதன் முன்னே போய் நின்றேன்.

டிசெம்பர் 22, ஞாயிறு

கொழும்பிலிருந்து ஐவர் வருகிறார்கள். உள் அறை உயர்தரப் பரீட்சை எழுதும் பேத்திக்கு; வெள்ளத்தால் ஒத்திப்போன பாடம் நத்தாருக்குப் பின்னால் போய்விட்டதால் அவளுக்கு ஒரு வேலையும் எழுதவில்லை. மற்றவர்களுக்கு விறாந்தையில் பாய். சிறுவர்களுக்குச் சீட்டுக் குலுக்கி ஒருவருக்கு ஒரு பரிசு மட்டும். இதற்குப் பெரியவர்கள்தான் குறைபட்டார்கள்.

26ஆம் திகதிக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. சுனாமி வந்து 20 வருடம். இவளுடைய ஆட்கள் காலையிலேயே உடுத்துறை நினைவாலயத்துக்குப் போய்விடுவார்கள். 25இல் மிஞ்சிய கறியும் பாணும் அன்றைக்குப் போதும்.

டிசெம்பர் 23, திங்கள்

அறிக்கை இனி விடுமுறைக்குப் பின்னர்தானாம். சொன்னபோது, “நல்லதாப் போச்சு” என்றாள். பிறகு, முன்வீட்டுத் தட்டுக்கு வாழைப்பழம் வாங்கியாயிற்றா என்று கேட்டாள். நிபந்தனையை நான் நினைவூட்டவில்லை.

டிசெம்பர் 24, செவ்வாய்

இறைச்சி வந்து, அரைவேக்காட்டில் இறக்கி வைத்தாயிற்று. நாளை காலை ஆறரைக்கு அறுபது இடியப்பம் வரும். அவித்துக் கொடுக்கும் அக்காவுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டேன். நள்ளிரவுத் திருப்பலிக்குத் தானும் வருவதாக இவள் நிற்கிறாள். காலைப் பூசைக்குப் போகலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கைபிடியுள்ள கதிரையொன்றைக் கோவிலின் பக்கவாசல் ஓரமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மழை பெய்தால் அந்த வாசலில் தண்ணீர் தெறிக்கும். இப்போது ஒன்பதரை. சேலை மடித்துக் கட்டிலில் கிடக்கிறது, அதன் பக்கத்தில் அவள் நித்திரை. பதினொன்றுக்கு எழுப்பவேண்டும்