சோளகக் காலத்தில் சிவனொளிபாதமலை

யாழ்ப்பாணத்தில் சோளகம் அடித்துப் புழுதி பறக்கிற மாதங்களில்தான் சிவனொளிபாதமலையில் மழை கொட்டும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி மேலெழும்ப, உச்சி நாள் முழுக்க முகிலுக்குள் கிடக்கும். இங்கத்தை வெயிலைப் பார்த்து ஆவணி விடுமுறையில் வெளிக்கிடும் ஆக்கள் இதை யோசிப்பதில்லை. யாத்திரைக் காலம் டிசம்பர் பூரணையில் தொடங்கி வெசாக் பூரணையோடு முடிந்துவிடும். பிறகு படியோர விளக்குகள் எரியாது. தேத்தண்ணிக் கடைகளும் பூட்டு.

இந்த மாதங்களில் இரவு 2 மணிக்கு ஏறுவது வீண் வேலை. சூரியோதயம் பார்க்கத்தானே அந்த நேரம்? முகிலுக்குள் அது தெரியாது. விடிய 6 மணிக்கு மலையடிவார ஊரான நல்லதண்ணியிலிருந்து புறப்படுங்கள். ஏறத்தாழ 5,500 படி; ஏற 3, 4 மணித்தியாலம். பத்தரைக்கு எங்கே நின்றாலும் திரும்புவது என்று கீழேயே பேசி முடியுங்கள். மேலே வைத்துப் பேசினால் “இன்னும் கொஞ்சம்தானே” என்று ஒருவர் சொல்லியே தீருவார்.

படிக்கட்டு இருப்பதால் ஏறும்போது வழி தவறுவது குறைவு. சிக்கல் உச்சியில்தான். அங்கிருந்து இரத்தினபுரிப் பக்கமும் படி இறங்குகிறது. மூட்டத்துக்குள் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும்; மாறி இறங்கினால் மலையின் மற்றப் பக்கத்தில் போய் நிற்பீர்கள். மேலே கால் வைத்தவுடன் திரும்பி நின்று, வந்த படிவாயிலைப் படம் எடுங்கள். நல்லதண்ணி வடகிழக்கே, இரத்தினபுரி வழி தென்மேற்கே. வரைபடத்தைப் போனில் முன்பே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாமலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆனால் நனைந்த திரையில் விரல் பிடிக்காது, ஒரு காய்ந்த துணித்துண்டைப் பொலித்தீனில் சுற்றிப் பொக்கற்றில் வையுங்கள்.

ரோச்சை நெற்றியில் கட்டினால் வெளிச்சம் மூடுபனியில் பட்டு கண்ணுக்கே திரும்பி, முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். வெளிச்சத்தைக் குறைத்து, முழங்கால் உயரத்தில் பிடித்து, படியின் விளிம்பில் அடியுங்கள்.

உச்சி 2,243 மீற்றர். 100 மீற்றர் ஏற வெப்பம் 0.6 பாகை குறையும் என்று கணக்குப் பார்த்தாலும் யாழ்ப்பாணத்தைவிட 13 பாகை குறைவு, காற்று வேறு. நனைந்த பருத்திச் சேட்டு உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். விளையாட்டு ஆக்கள் போடும் பொலியெஸ்டர் பெனியன் மலிவு, கெதியாய்க் காயும். ஒரு காய்ந்த சேட்டையும் கம்பளித் தொப்பியையும் இரட்டைப் பொலித்தீனில் கட்டி, ஏற்றம் முடிந்து நின்ற பிறகே போடுங்கள். நடுங்குகிறவர் பேச்சுக் குழறி, கால் தடுமாறத் தொடங்கினால் ஈர உடுப்பை மாற்றி, இனிப்புக் கொடுத்து, உடனே இறக்குங்கள். நடுக்கம் நின்றுவிட்டால் நிலைமை மோசம் என்றே எடுங்கள்.

இனிப்புக்குப் பனங்கட்டி, கொறிக்கப் பருத்தித்துறை வடை. காற்றுப் படாமல் கட்டினால் வடை நமத்துப்போகாது.

அட்டைக்கு சொக்ஸின் வெளியே சவர்க்காரத்தைக் காயவே தேயுங்கள். கடித்ததை இழுக்காமல் வாய்ப்பக்கத்தை நகத்தால் தள்ளினால் விடும்.

விழுவது பெரும்பாலும் இறங்கும்போது. பாசி பிடித்த படியில் பாதத்தைக் குறுக்காக வைத்து, ஒரு கையைக் கைபிடிக் கம்பியிலிருந்து எடுக்காமல் வாருங்கள். இடி கேட்டால் மட்டும் அந்தக் கம்பியை விட்டு விலகுங்கள்.

முதல் நாள் இரவு வளிமண்டலவியல் திணைக்கள அறிவித்தலையும் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். அம்பர் (செம்மஞ்சள்) அல்லது சிவப்பு என்றால் மலைக்குப் போகும் வழியிலுள்ள அட்டனுக்கே போகவேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990.