71 மில்லிமீட்டர் சிலிண்டர் போரும் 1300 சிசி எல்லையும்

நிசான் மார்ச் கே11 ஒன்றை 1300 சிசி பிரிவில் பந்தயம் ஓட்டத் தயார்செய்து வருகிறோம், நானும் மச்சானும். கார் கொழும்பு தெமட்டகொடையில் ஒரு கராஜில் நிற்கிறது. எஞ்சினை இறக்கிக் கழற்றியாயிற்று. இந்தக் கிழமை ஸ்பானரைத் தொட்டதைவிடக் கல்குலேட்டரைத் தொட்டதுதான் அதிகம்.

பந்தயத்தை நடத்தும் கழகம் தந்த விதித்தாளில் எஞ்சினுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. அதை வாசித்துவிட்டு மச்சான் கேட்டான்: "கேம் ஷாப்டைப் பற்றி ஒன்றுமே போடேல்லையே, அப்ப மாத்தலாம்தானே?" மாற்றேலாது. உலக மோட்டார் பந்தயச் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ.யின் கார் விதிகள், அதாவது அப்பெண்டிக்ஸ் ஜே, 252ஆம் பிரிவு இந்தப் பேச்சைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுகிறது: வெளிப்படையாக அனுமதிக்காத மாற்றம் எல்லாமே தடை. கார் விதிக்கு உட்பட்டது என்று காட்டும் பொறுப்பும் போட்டியாளருடையது. எங்கள் தாளின் முதல் வரியும் இதையேதான் சொல்கிறது. ஆக கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), போர்ட் பாலிஷ் (ஹெட்டின் காற்றுப் பாதையை மழமழப்பாக்குவது), ஈசியு (எஞ்சினை ஆளும் கணினி) எதிலும் கை வைக்க முடியாது. ஏர் ஃபில்டர், ப்ளக், சைலன்சர் எங்கள் விருப்பம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

வில்லங்கம் அனுமதித்த விஷயங்களில்தான் இருக்கிறது. சிலிண்டரை போர் அடிக்கலாம் (உள்விட்டத்தைக் கடைந்து பெரிதாக்கலாம்), ஆனால் பிரிவின் எல்லையைத் தாண்டக்கூடாது. சிலிண்டருக்கு மேல்மூடியான ஹெட்டின் முகத்தைச் சீவிச் சமப்படுத்தலாம். இடையில் வரும் ஹெட் கேஸ்கட் கம்பனித் தடிப்பிலேயே இருக்க வேண்டும். கம்ப்ரஷன் விகிதம் (பிஸ்டன் கீழே நிற்கும்போதுள்ள மொத்த இடம், அது மேலே வந்தபின் மிஞ்சும் இடத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) 9.5, அளவுப் பிழைக்காக 0.2 வரை கூடலாம். தனித்தனியாக வாசித்தால் எல்லாம் தெளிவு. ஒன்றாக வைத்து வாசித்தால் ஒன்று தருவதை மற்றது பிடுங்குகிறது.

முதலில் போர். எங்கள் காரின் சிஜி13 எஞ்சினுக்கு போர் 71 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 80.5 மி.மீ.; நாலு சிலிண்டருக்கும் கணக்குப் போட்டால் 1275 சிசி. எங்களுடையது தேய்ந்த எஞ்சின். டயல் கேஜை விட்டுப் பார்த்தால் சிலிண்டரின் மேல்பக்கம் 71.14, அடிப்பக்கம் 71.03. பழைய பிஸ்டனோடு ஓட்டினால் ஒயில் குடிக்கும்.

லேத் கடை நானா பார்த்த பார்வையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "தம்பி, முழுசா ஒண்டு அடிச்சிருவம். சுத்தமா வரும். யாரு கழட்டிப் பாக்கப் போறா?"

"வெண்டா கழட்டுவாங்க நானா."

அவர் சிரித்தார். "அப்ப முதல்ல வெல்லுங்க."

அவர் சொன்ன 'ஒண்டு' என்றால் 1 மி.மீ. ஓவர்சைஸ், அதாவது கம்பனி அளவைவிட அவ்வளவு பெரிய பிஸ்டன். போர் 72 ஆனால் 1311 சிசி, பிரிவே மாறிவிடும். 0.5 ஓவர்சைஸ் என்றால் 71.5, அது 1293 சிசி, உள்ளே நிற்கிறது. எல்லை எங்கே என்று துல்லியமாகத் தேடினேன்: 71.69 வரை சரி, 71.70இல் 1300ஐத் தாண்டுகிறது. 0.5 அடித்த பிறகும் தேய்மானத்துக்கு 0.19 மி.மீ. மிச்சம் இருக்கிறது. போதும்.

இதே காரின் 1000 சிசி எஞ்சின் வைத்திருப்பவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. அதற்கும் போர் 71தான், ஸ்ட்ரோக் 63, மொத்தம் 997.7 சிசி. 71.08க்கு மேலே போனால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். அதாவது கண்டிப்பான 1000 சிசி எல்லை வைத்து, ரீபோருக்கென்று தனிச் சலுகை எழுதாமல் விட்டால், சிலிண்டர் தேய்ந்தே ஒரு எஞ்சின் விதியை மீறலாம். அந்த எஞ்சினில் 0.5 அடித்தால் 1012 சிசி. சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற உலோகக் குழாயைப் போட்டு பழைய அளவுக்குக் கொண்டுவருவதைத் தவிர வழியில்லை. விதி எழுதுபவர்கள் ஒருமுறை லேத் கடையில் போய் உட்கார்ந்துவிட்டு எழுதினால் நல்லது.

அடுத்தது கம்ப்ரஷன். மேலே மிஞ்சும் இடத்தை அளக்க, ஹெட்டைத் தலைகீழாக வைத்து, வால்வுகளைப் பூட்டி, எரி அறையின் விளிம்பில் கிரீஸ் தடவி, நடுவில் சின்னத் துளையிட்ட பெர்ஸ்பெக்ஸ் தகட்டை அழுத்தி ஒட்டினோம். பியூரெட்டில் (அளவு கோடிட்ட கண்ணாடிக் குழாய்) சிவப்பு கியர் ஒயிலும் மண்ணெண்ணெயும் கலந்து துளி துளியாக விட வேண்டும். கடைசிக் காற்றுக் குமிழி துளைக்குக் கீழே வந்து அசையாமல் நிற்கும். தகட்டை விரல் நகத்தால் தட்டினால்தான் வெளியேறும். அது போகாமல் அளவை எழுதினால் கணக்கு பொய். நாலு அறையும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பிஸ்டன் தலையிலுள்ள குழி, கேஸ்கட் தடிப்பு எல்லாம் சேர்த்து ஒரு சிலிண்டருக்கு 37.5 சிசி.

கம்பனி போரில் விகிதம் சரியாக 9.5. 0.5 அடித்தால் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 318.7இலிருந்து 323.2 ஆகிறது, மேலே இருக்கும் இடம் அப்படியே இருக்கிறது. ஹெட்டைத் தொடாமலே விகிதம் 9.62! அனுமதித்த ஒரு வேலை, அனுமதித்த சலுகையில் பாதிக்கு மேல் தின்றுவிட்டது. 9.7ஐத் தாண்டாமல் இருக்க மேலே மொத்தம் 37.15 சிசியாவது மிஞ்ச வேண்டும். எங்கள் அறையின் வாய்ப் பரப்புக்கு, ஹெட்டில் 0.1 மி.மீ. சீவலாம், அதற்குமேல் இல்லை. நேர்விளிம்பு வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்ததில் ஹெட் வளைவு 0.07. தப்பித்தோம்.

மச்சான் விடவில்லை. அறைக்குள்ளே கொஞ்சம் அராவி இடத்தைக் கூட்டினால் ஹெட்டை நன்றாகச் சீவலாமே என்றான். விகிதம் 9.7க்குள்தானே வரும்! எண்ணைப் பார்த்தால் அவன் சொல்வது சரி. ஆனால் சமப்படுத்தலாம் என்றுதான் எழுதியிருக்கிறது, அறையை அராவலாம் என்று எங்கேயும் இல்லை. இருந்தாலும் தொழில்நுட்ப அலுவலருக்கு எழுதிக் கேட்டோம். பதில் ஒரு வரி: அறையில் கருவி பட்ட அடையாளம் இருக்கக்கூடாது. அந்த மின்னஞ்சலை அச்செடுத்துக் காரின் ஃபைலில் வைத்துவிட்டேன். பிட்டில் வாயால் கேட்டு வாங்கும் பதில் ஸ்க்ரூட்டினி (கார்ச் சோதனை) மேசையில் செல்லாது.

எல்லையை ஒட்டி நிற்பதும் ஏமாற்றுவதும் ஒன்று என்று சிலர் பேசுவார்கள், எனக்கு உடன்பாடில்லை. 1995 கட்டலூனியா ரலியில் டொயோட்டா அணி டேர்போவுக்குப் போகும் காற்றை மட்டுப்படுத்தும் ரெஸ்ட்ரிக்டரைப் பூட்டும்போது அதைச் சுற்றியும் காற்று போகும்படி செய்திருந்தது. கழற்றிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். புள்ளிகள் பறிபோயின, ஓராண்டுத் தடையும் விழுந்தது. அது ஒளித்து வைத்த வேலை. நாங்கள் சீவும் 0.1ஐ யார் வேண்டுமானாலும் பியூரெட் வைத்து அளக்கலாம்.

இப்போது சிலிண்டர் ப்ளொக் நானாவிடம் இருக்கிறது. போர் அடிக்கும் முன் பிஸ்டன் கையில் வேண்டும் என்கிறார், அவர் சொல்வது நியாயம். பிஸ்டனை அளந்துதான் இடைவெளி வைக்க முடியும். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் 1.0 ஓவர்சைஸ் உடனே கிடைக்கிறது, 0.5க்குச் சொல்லி வைத்திருக்கிறோம். வந்ததும் பிஸ்டன் குழியைத் திரும்ப அளப்போம். அது பழையதைவிட அரை சிசி ஆழம் குறைவாக இருந்தாலே 9.7 போய்விடும், ஹெட்டைச் சீவவே முடியாது. அதனால் ஹெட்டை இன்னும் லேத்துக்குக் கொடுக்கவில்லை.