சாய்தளத்தின் கடைசி ஓரடி

ஓர் அரசு அலுவலகத்துக்குள் சக்கர நாற்காலி ஏறுமா ஏறாதா என்பது பிளிந்த் மட்டம், அதாவது வெளித் தரையிலிருந்து கட்டடத் தரை எவ்வளவு உயர வேண்டும் என்ற அளவு, குறிக்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. மழைத் தண்ணீர் உள்ளே வந்துவிடக் கூடாதென்று நம் ஊரில் இரண்டடி தூக்குவது வழக்கம். இரண்டடி என்றால் 600 மி.மீ. சரிவு 1:12, அதாவது ஒரு பங்கு ஏறப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பதால் சாய்தளம் 7.2 மீட்டர் ஓட வேண்டும். மேலும் கீழும் ஒன்றரை மீட்டர் சமதளம் சேர்த்தால் 10.2 மீட்டர். மூன்றடி தூக்கினால் ஓட்டம் மட்டுமே 10.8 மீட்டர், 9 மீட்டருக்குள் நடுவில் ஓர் ஓய்வுத் தளமும் வந்தாக வேண்டும். வாசலுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே இருப்பதோ நான்கு மீட்டர். அதற்குள் முடி என்றால் மேஸ்திரி என்ன செய்வார்? 1:6, 1:7 என்று ஒரு சறுக்குமரம் கட்டித் தருவார். தேர்தலுக்கு முந்தைய வாரம் பள்ளிக்கூடங்களில் அவசரமாக எழும்பும் சாய்தளங்களில் இதைத் தாராளமாகப் பார்க்கலாம்.

பிளான் போடும்போதே யோசித்திருந்தால் வழி உண்டு. முகப்புச் சுவரை ஒட்டி 3.6 மீட்டர் ஏறி, ஒன்றரை மீட்டர் தளத்தில் திரும்பி, மறுபடி 3.6 மீட்டர் ஏறலாம். அதைவிட நல்ல வழி, கேட்டிலிருந்தே முற்றத்தை மண் நிரப்பி 1:20-க்கும் குறைந்த சரிவில் வாசல்வரை கொண்டுவருவது. அப்போது அது சாய்தளமாகவே கணக்கில் வராது. எல்லோரும் அதன் வழியாகத்தான் நடப்பார்கள்.

சரிவைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 1200 மி.மீ. நீள அலுமினிய மட்டப்பலகையின் ஒரு முனையைச் சரிவில் வைத்து, மேலே ரசமட்டத்தை (குமிழ் உள்ள மட்டக் கருவி) போட்டு, குமிழ் நடுவுக்கு வரும்வரை மறுமுனையைத் தூக்க வேண்டும். தூக்கிய முனையில் பலகைக்கும் தரைக்கும் நடுவே 100 மி.மீ. இருந்தால் 1:12. 150 இருந்தால் 1:8, தேறாது. ஓரிடத்தில் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. வாசல் பக்கத்துக் கடைசி ஓரடியில்தான் சரிவு மாறும். காரணம், சாய்தளத்தைக் கான்கிரீட் தரை மட்டத்துக்குச் சரியாக வார்த்திருப்பார்கள். இரண்டு மாதம் கழித்து உள்ளே கலவையும் டைல்ஸும் சேர்ந்து 50 மி.மீ. ஏறிவிடும். அந்த ஐம்பதை வாசலில் சிமெண்ட் பூசிச் சரிக்கட்டுவார்கள். சக்கர நாற்காலியின் முன்சக்கரம் சின்னது. அந்தத் திட்டில் முட்டி நின்றால் பின்னாலிருந்து ஒருவர் தூக்கித்தான் ஆக வேண்டும். இதோடு கொலாப்சிபிள் கேட்டின் கீழ்த் தண்டவாளம் தரைக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும். நிலைப்படி உயரம் 12 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது, அதுவும் சரிவாகச் சீவியிருக்க வேண்டும். தண்டவாளத்தைத் தரைக்குள் புதைப்பது அரை நாள் வேலை, ஆனால் டைல்ஸ் போடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும்.

சாய்தளத்தின் மேற்பரப்புக்கு வழுவழுப்பான டைல்ஸ் ஆகாது; மழையில் வழுக்கும். பைக் ஏற்றும் சாய்தளம் போலக் கயிறு அழுத்திக் குறுக்குக் கோடு போடுவதும் தவறு. ஈரக் கான்கிரீட்டில் துடைப்பத்தால் இழுத்த சொரசொரப்பே போதும். கைப்பிடி இரண்டு பக்கமும், இரண்டு உயரத்தில், 900 மி.மீ.யிலும் அதற்குக் கீழே 700 முதல் 760-க்குள்ளும் வர வேண்டும். மாடிப்படிக்கு வாங்கிய இரண்டு அங்குலக் குழாயையே இதற்கும் போட்டால் நடுங்கும் கைக்குள் அது அடங்காது. ஒன்றரை அங்குல எஸ்.எஸ். பைப் சரி. சரிவு முடிந்த பிறகும் கைப்பிடி 300 மி.மீ. நீள வேண்டும். "நீட்டிக்கிட்டு இருக்கே" என்று அதை வெட்டிவிடுகிறார்கள். பார்வையில்லாதவருக்கு இனி சமதளம் என்று சொல்வதே அந்த நீட்டல்தான்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விதிகள் வந்து ஐந்தாண்டுக்குள் பழைய பொதுக் கட்டடங்களையும் மாற்றச் சொன்னது. விதிகள் 2017-ல் வந்தன, கெடு 2022-ல் தீர்ந்தது. பொது இடங்களில் அணுகல் வசதி கேட்டு ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில், அணுகல் தரங்களைச் சொல்லும் விதி 15(1) வெறும் பரிந்துரையாக நிற்பது சட்டத்துக்கு முரண் என்று அதைச் செல்லாததாக்கி, கட்டாயத் தரங்களை வகுக்கச் சொன்னது. அளவுகள் முன்பும் காகிதத்தில் இருந்தவைதான். வேலையை வாங்குகிறவரின் செக்லிஸ்டில்தான் இல்லை.

அதிகம் சொதப்புவது கழிப்பறை. 2200-க்கு 2000 மி.மீ. அறை கிடைத்துவிட்டாலே வேலை முடிந்ததென்று நினைக்கிறார்கள். கதவு ஆர்டரில் 900 என்று எழுதினால், நிலைச் சட்டமும் கதவின் தடிமனும் போக 760 தேறினால் அதிகம். தெளிவான வழி 900 வேண்டுமென்றால் நிலை 1050 சொல்ல வேண்டும். கதவு வெளியே திறக்கணும், அல்லது சறுக்குக் கதவாக இருக்கணும். உள்ளே திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்துவிட்டால் அவர் உடம்பே கதவை அடைத்துவிடும்.

வெஸ்டர்ன் டாய்லெட்டை மேஸ்திரி அழகு பார்த்துச் சுவரின் நட்டநடுவில் வைப்பார். அப்படி வைத்தால் பிடித்து எழுவதற்கான எந்தப் பக்கக் கம்பியும் கைக்கு எட்டாது. கோப்பையின் மையம் பக்கச் சுவரிலிருந்து 450 முதல் 500 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். மறுபக்கம் நாற்காலியைப் பக்கவாட்டில் ஒட்டி நிறுத்த 900 காலியாக விட்டு, அங்கே மேலே மடங்கும் கம்பி. உட்காரும் உயரம் 450 முதல் 480. சாதாரணக் கோப்பை இதைவிடத் தாழ்வு என்பதால் அடியில் மேடை கட்டி உயர்த்துவார்கள். அந்த மேடையில் நாற்காலியின் கால்தாங்கி இடித்து, ஒட்டி வர முடியாமல் போகும். சுவரில் தொங்கும் கோப்பைதான் இதற்கு நேரான விடை.

கம்பி பிடுங்கிக்கொண்டு வருவதற்குக் காரணம் கம்பியல்ல, சுவர். நாலரை அங்குலச் சுவரிலோ ஏ.ஏ.சி. கல்லிலோ (காற்றறைகள் கொண்ட இலேசான கான்கிரீட் கல்) பிளாஸ்டிக் பிளக் போட்டு முடுக்கினால் ஆளின் முழு எடையைத் தாங்காது. கம்பி வரும் இடத்தில் சுவர் எழும்பும்போதே கான்கிரீட் கட்டை வைக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் சுவரின் மறுபக்கம் தகடு கொடுத்து ஊடுருவும் போல்ட் போடலாம். ஒப்படைக்கும் நாளில் ஒருவர் இரண்டு கையாலும் தொங்கிப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

பார்வையில்லாதவர் காலாலும் கோலாலும் தொட்டறியத் தரையில் பதிக்கும் தொடுதளக் கற்களில் கோடு போட்டது வழிகாட்டும், புள்ளி போட்டது நிற்கவோ திரும்பவோ சொல்லும். இரண்டையும் கலந்து பரப்பிவைத்தால் குறிப்பே இல்லாமல் போகும். இந்தக் கற்கள் மஞ்சளாக இருக்க வேண்டாம், தரைக்கு மேட்சாகச் சாம்பல் நிறம் போதும் என்று கேட்பவர்களிடம், மங்கலான பார்வை உள்ளவர்களும் அந்த மஞ்சளைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள் என்று சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஒப்படைத்த பிறகு இன்னொரு கட்டம் இருக்கிறது. அவசர மணிக் கயிறு, விழுந்து கிடப்பவருக்கும் எட்டுமாறு தரைக்குச் சற்று மேலே தொங்க வேண்டும். பெருக்கித் துடைக்க இடைஞ்சல் என்று அதைச் சுருட்டி மேலே முடிந்துவிடுவார்கள். மணி ஒலிப்பது பூட்டிய ரெக்கார்டு ரூமில் என்றால் கயிறு இருந்தும் பயனில்லை. எப்போதும் ஆள் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு அருகே ஒலிக்க வேண்டும். கழிப்பறை மெல்ல மெல்லத் துடைப்பமும் உடைந்த நாற்காலியும் அடுக்கும் அறையாகி, சாவி வாட்ச்மேனிடம் போய்விடும். இதைத் தடுக்க ஒன்று மட்டும் பலனளித்துப் பார்த்திருக்கிறோம்: வெளிப்பக்கம் பூட்டு மாட்டும் கொண்டியே வைக்காத கதவு.