அப்பாவின் பசார் மலாய்

அப்பா விடிகாலை 4 மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பது போன வருடம் ஆரம்பித்தது. காலில் சாக்ஸ், கையில் காலி டிபன் கேரியர். "ஷிஃப்டுக்கு நேரமாச்சும்மா, கதவைத் திற" என்பார். அவருக்கு வயது 83. "அப்பா, நீங்க ரிட்டயர் ஆகி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு" என்று சொல்வேன். முதலில் நம்ப மாட்டார். அப்புறம் முகம் சுருங்கிப்போகும். அந்தச் செய்தியை அவர் ஒவ்வொரு நாளும் முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான்தான் தினமும் போய்ச் சொன்னேன்.

19 வயதில் சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1938ல் திறந்த ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறையில், அதாவது கப்பலை உள்ளே விட்டுத் தண்ணீரை வடித்துப் பழுதுபார்க்கும் இடத்தில், கப்பலின் அடிவயிற்றில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் வேலை. 1968ல் துறை பிரிட்டிஷாரிடமிருந்து கைமாறி செம்பவாங் கப்பல் பட்டறை ஆனபோது அங்கேயே தொடர்ந்தார். இது அல்சைமர் என்ற மறதி நோய் என்று டாக்டர் சொன்னபோது அம்மா உயிரோடு இல்லை. ஈசூனில் அரசாங்கம் கட்டிய ஒரு வீவக அடுக்குமாடி வீட்டில் நாங்கள் இரண்டு பேர். சனி, ஞாயிறில் அண்ணன் வருவான்.

பகல் பராமரிப்பு நிலையத்தில் ஒரு தாதிதான் 'மெமரீஸ் கஃபே' பற்றிச் சொன்னார். டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பு நடத்துவது. மறதி நோய் உள்ளவரும் அவரைப் பார்த்துக்கொள்பவரும் சேர்ந்து வர வேண்டும். அதுவும் ஆஸ்பத்திரி அறைக்கு இல்லை, சாதாரணமாகக் காப்பி குடிக்கிற கடைக்கு. அப்பாவை அங்கே கூட்டிப்போக எனக்கு மனமில்லை. அதற்கு முந்தின மாதம்தான் ஒரு சாப்பாட்டுக் கடையில் அப்பா பக்கத்து மேசைக்காரரின் தட்டிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்துவிட்டார். அந்த மனிதர் எழுந்து நின்று கத்தினார். அதிலிருந்து வெளியில் சாப்பிடுவதையே விட்டிருந்தோம்.

போனோம். கடை வாசலிலேயே அப்பா நின்றுவிட்டார். "ஊசி போடுவாங்களா?" என்றார். உள்ளே ஏழெட்டு மேசை, கோப்பி வாசனை, கிடார் வைத்திருந்த ஒரு இளைஞர். பாட்டு ஆரம்பித்தது. ஆங்கிலப் பாட்டு. அப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இருந்த கொஞ்சம் ஆங்கிலம்தான் அவரிடமிருந்து முதலில் போனது. பாதியில் கிளம்பிவிடலாம் என்று பையை எடுத்தேன்.

எதிரில் உட்கார்ந்திருந்த சீனப் பெரியவர் அப்போதுதான் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "சுடா மாக்கான்?" என்று கேட்டார். சாப்பிட்டாச்சா?

"பெலும்" என்றார் அப்பா. இன்னும் இல்லை.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் இருவரும் பேசினார்கள். சந்தையிலும் துறைமுகத்திலும் எல்லா இனத்தாரும் பேசிப் பேசி உருவான பசார் மலாய். அந்த அங்கிள் லாரி ஓட்டியவர். அவருக்கு ஹொக்கியன் தெரியும், அப்பாவுக்குத் தமிழ் தெரியும், நடுவில் இது. அப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கையை வீசிப் பேசினார். என் அம்மாவைப் பெண் பார்க்க வந்தபோது இப்படித்தான் பேசியிருப்பார் என்று தோன்றியது.

எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அப்பா தலைமுறைக்கு மலாய்தான் தெருமொழி. நாங்கள் இருமொழிக் கொள்கைப் பிள்ளைகள், பள்ளியில் ஆங்கிலமும் தாய்மொழியும் படித்தோம். தேசிய கீதத்தை மலாயில் பாடிவிட்டு வகுப்புக்குப் போனால் அத்தோடு சரி. அவருடைய வாழ்க்கையில் பாதி நடந்த மொழி எனக்குத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. நாள் முழுக்க அவர் கூடவே இருந்தேன். ஆனால் அவருக்குத் துணை என்று சொல்லும்படி நான் இருந்தேனா?

அடுத்தடுத்த தடவைகளில் கூர்ந்து கவனித்தேன். ஆன்ட்டி, அதாவது அந்த அங்கிளின் மனைவி, எனக்கு மொழிபெயர்த்துச் சொல்வார். அங்கிள் கேட்பார்: எங்கே வேலை? அப்பா சொல்வார்: கப்பல் பட்டறை. அங்கிள் சொல்வார்: அந்த வாசலுக்கு நான் லாரி ஓட்டி வந்திருக்கிறேன். இருவருக்கும் ஆச்சரியம் தாங்காது. பத்து நிமிஷம் கழித்து மறுபடியும்: எங்கே வேலை? மறுபடியும் அதே ஆச்சரியம். வீட்டில் ஒரே கேள்வியை ஆறாவது முறை கேட்கும்போது என் குரல் மாறிவிடும். அப்பாவுக்கு அது தெரியும், சுருங்கிப்போவார். இந்த மேசையில் யாருக்கும் குரல் மாறவில்லை. ஒவ்வொரு தடவையும் புதுச் செய்திதான்.

மூளையில் புதிதாக நடப்பதைப் பதிந்துவைக்கும் பகுதியைத்தான் அல்சைமர் முதலில் தாக்குகிறது. இளவயதில் ஊறியது, கை பழகியது, பாட்டு, இதெல்லாம் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். டாக்டர் சொன்னபோது தலையாட்டியிருந்தேன். அங்கிள் எதிரில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

இந்த மாதிரி கூடுகையைத் தொடங்கியவர் பெரே மீசன் என்ற டச்சு உளவியல் நிபுணர், 1997ல், நெதர்லாந்தின் லைடனில். கணவன் மனைவிக்குள்ளேகூட இந்த நோயைப் பற்றி வாய்விட்டுப் பேச முடியாமல் இருப்பதைப் பார்த்துத்தான் அதை ஆரம்பித்தார். 2000ல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவுக்குப் போனது, அப்புறம் பல நாடுகளுக்கு. அவருடைய கூடுகையில் ஒவ்வொரு மாதமும் ஒரு தலைப்பை எடுத்துப் பேசுவார்கள். இங்கே பாட்டும் ஆட்டமும்தான் அதிகம். எனக்குப் பேச்சும் வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. பாட்டு ஓடும்போது பக்கவாட்டில் பார்த்துக்கொள்கிறவர்கள் குசுகுசுவென்று பேசிக்கொள்கிறோமே, எனக்கு உயிர் கொடுத்தது அதுதான். டயப்பரை எந்தக் கடையில் வாங்குவது, குளிக்க மாட்டேன் என்றால் எப்படிப் பேச்சை மாற்றுவது, ஒருநாள் கோபத்தில் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன் என்று அழாமல் சொல்வது எப்படி. கடைசியில் சொன்னதை ஆன்ட்டியிடம்தான் முதலில் சொன்னேன். அவர் தன் கேக்கைப் பாதி வெட்டி என் தட்டில் வைத்தார்.

மனநலக் கழகத்தின் ஆய்வுப்படி இங்கே 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய 11 பேரில் ஒருவருக்கு மறதி நோய் இருக்கிறது. அப்படியென்றால் எங்கள் புளோக்கிலேயே எத்தனை பேர் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார்கள்? பங்குனி உத்திரத்துக்கு ஈசூன் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலில் கூடுகிற கூட்டத்தைப் பார்க்கிறேன். கடற்படைத் தளத் தொழிலாளர்கள் மரத்தடியில் கும்பிட ஆரம்பித்து வளர்ந்த கோயில் அது. அந்தத் தலைமுறைக்குத் தமிழும் மலாயும் கலந்து பேச ஒரு மேசை போட்டால் போதும், மாதம் ஒரு தடவை. கோயிலில் கேட்டுப் பார்க்கப் போகிறேன்.

பிப்ரவரியோடு அங்கிள் வருவது நின்றுவிட்டது. விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, இப்போது தாதிமை இல்லத்தில் இருக்கிறார். அப்பா அவரைக் கேட்கவில்லை. பெயர் அவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அதே மேசைக்குத்தான் நடக்கிறார், எதிர் நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறார்.

ஆன்ட்டியோடு போனில் பேசுகிறேன். விடிகாலை ஷிஃப்ட் கதையைச் சொன்னபோது, "ரிட்டயர் ஆயிட்டீங்கன்னு ஏன் சொல்ற? லீவுன்னு சொல்லு, அவர் மொழியில சொல்லு" என்று ஒரு வரி கற்றுக்கொடுத்தார். அதைத் தமிழ் எழுத்தில் எழுதி வாசல் பக்கம் நாட்காட்டியின் ஓரத்தில் ஒட்டிவைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை, மணி 4:10. அப்பா டிபன் கேரியரோடு நின்றார். நான் பார்த்து வாசித்தேன்: "இனி ஹாரி தாடா கெர்ஜா." இன்றைக்கு வேலை இல்லை.

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"காஜி ஆடா?" என்றார். சம்பளம் உண்டா?

அது நாட்காட்டியில் எழுதியிருக்கவில்லை. ஆனால் அங்கிளும் அவரும் அந்த மேசையில் எத்தனை தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"ஆடா" என்றேன்.

சாக்ஸைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் படுக்கப் போனார்.