டைம்டேபிளில் இல்லாத 24 மணி நேரம்

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைப்படி கல்லூரி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. மொத்த வேலை வாரம் 40 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. "நாலு ஹவர் கிளாஸ் எடுத்தா முடிஞ்சுது, வாத்தியார் வேலைக்கு என்ன" என்று சொந்தக்காரர்கள் சொல்வது அந்த 16-ஐ மட்டும் பார்த்து. மீதி 24 மணி நேரத்துக்கு யாரும் டைம்டேபிள் போட்டுத் தருவதில்லை. நாமும் போடாவிட்டால் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் பிள்ளைகளின் ஹோம்வொர்க்குக்கும் நடுவில் அது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதனால் முதல் வேலை செமஸ்டர் தொடங்கும் முன்பே. துறையில் டைம்டேபிள் போடும் நாளில் எல்லாரும் கேட்பது "ஃபர்ஸ்ட் ஹவர் வேண்டாம்" என்பதைத்தான். அது பாதிப் பேருக்குக் கிடைக்காது. அதற்குப் பதில் வாரத்தில் இரண்டு நாளாவது அடுத்தடுத்து இரண்டு ஹவர் ஃப்ரீயாகக் கேட்டு வாங்குங்கள். தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும் நாலு ஃப்ரீ ஹவர், கையெழுத்து வாங்க வரும் மாணவர்களோடும் டீயோடும் போய்விடும். சேர்ந்த இரண்டு ஹவரில் ஒரு பகுதி பேப்பரைத் திருத்தி முடிக்கலாம்.

திருத்தும் கணக்கைப் பார்ப்போம். 75 மார்க் மாடல் தேர்வு: பத்து 2 மார்க், ஐந்து 5 மார்க், மூன்று 10 மார்க். வகுப்புக்கு 60 பேர் என்றால் 2 மார்க் பகுதிக்கு ஒரு மணி நேரம், 5 மார்க் பகுதிக்கு இரண்டு, 10 மார்க் பகுதிக்கு மூன்று. ஒரு கட்டுக்கு 6 மணி நேரம். மூன்று வகுப்புக்கு 18. இதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினால் அந்த ஞாயிறு முழுக்கப் போவதோடு திங்கள் ராத்திரியும் சேர்ந்து போகும்.

தாள் தாளாகத் திருத்தாமல் பகுதி பகுதியாகத் திருத்துவதுதான் நல்லது. முதலில் 60 தாளிலும் 2 மார்க் மட்டும். மறுநாள் 5 மார்க். விடைக்குறிப்பு ஒரு முறை மனதில் ஏறிவிட்டால் கை தானாக ஓடும். எல்லாருக்கும் ஒரே அளவுகோல் கிடைக்கும், அது பிள்ளைகளுக்கு நாம் செய்ய வேண்டிய நியாயம். முதல் ஐந்தாறு தாளில் கை இறுகி இருக்கும், கடைசியில் களைப்பில் தளரும். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் முதல் ஐந்து தாளைத் திரும்பப் பாருங்கள். கூட்டலை மட்டும் இரவில் செய்யாதீர்கள். மார்க் விட்டுப்போவதும், பின்பக்கத்து விடை கண்ணில் படாமல் போவதும் பெரும்பாலும் பத்து மணிக்கு மேல் நடக்கிற தவறுகள். காலையில் 20 நிமிடம் அதற்குப் போதும்.

வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால் ஒரு பகுதிக்கு உரிய நேரம் இருக்கிற அன்று மட்டும் கொண்டுபோங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று இதற்கென்றே இருக்கட்டும். மழைக்காலத்தில் கடலோர ஈரத்தில் பேனா மை தாளில் படர்ந்துவிடும். பஸ்ஸில் ஜன்னலோரம் நனைந்த கட்டை உலர்த்துவது பெரும்பாடு. கூடுதல் தாள் நூல் அவிழ்ந்து விழாமல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டே டப்பாவில் வையுங்கள். சாப்பாட்டு மேசைக்குக் கட்டு வரவே கூடாது.

அடுத்து மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; நவம்பரில் செமஸ்டர் தேர்வு. கடலூரில் விடிகாலையில் கலெக்டர் அறிவிப்பு வரும். "பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை" என்று வந்தால்தான் ஆசிரியர் வீட்டில் நெருக்கடி: பிள்ளை வீட்டில், அப்பாவோ அம்மாவோ கல்லூரியில். புதுச்சேரியில் குடியிருந்து கடலூரில் வேலை பார்ப்பவர்களுக்கும், அதற்கு நேர்மாறாக இருப்பவர்களுக்கும் இன்னொரு சிக்கல், இரண்டு அரசு, இரண்டு விடுமுறைப் பட்டியல். ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ இணைப்பு நாள், நவம்பர் 1 விடுதலை நாள் இரண்டும் புதுச்சேரியில் விடுமுறை, கடலூரில் வேலைநாள். சிதம்பரம் ஆருத்ரா தரிசனத்துக்குக் கடலூர் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விட்டால், ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாளாகிவிடும். ஜூன் மாதமே இரண்டு பட்டியலையும் ஒரே காலண்டரில் குறித்து, மோதும் நாள்களுக்கு மட்டும் சி.எல். (தற்செயல் விடுப்பு) மிச்சம் வையுங்கள். திடீர் மழை விடுமுறைக்குப் பக்கத்து வீட்டிலோ பாட்டி வீட்டிலோ பிள்ளையை விடுவதற்கு முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். காலை ஆறரைக்குப் போன் செய்து கெஞ்சும் நிலை வேண்டாம்.

கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்புக்கான ஆவண வேலைக்கு ஒரே வழிதான். நிகழ்ச்சி முடிந்த அன்றே அறிக்கை, ஜியோடேக் புகைப்படம் (எடுத்த இடம் பதிவானது), வருகைப் பதிவு மூன்றையும் ஆண்டு வாரியான ஃபோல்டரில் போட்டுவிடுவது. ராத்திரி ஒன்பது மணிக்கு "உடனே அனுப்பவும்" என்று குரூப்பில் செய்தி வந்தால் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடலாம்.

சமையலில் கணவன் மனைவிக்குள் "உதவி" என்று வைத்தால் நடக்காது என்பதே என் கருத்து. வேலையை முழுதாகப் பிரிக்க வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது ஒருவர் பொறுப்பென்றால் யூனிஃபார்ம், டைரி கையெழுத்து, தண்ணீர் பாட்டில் எல்லாம் அவரே. மாவு அரைப்பது ஞாயிறு மாலையும் புதன் மாலையும்; அரிசி 4 பங்குக்கு உளுந்து 1. மே மாதப் புழுக்கத்தில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும், உடனே ஃப்ரிட்ஜில் வைக்காவிட்டால் புளிக்கும். மார்கழியில் 12 மணி நேரம்கூட ஆகும்.

விடுப்பு விஷயத்திலும் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் விதி வேறு. தமிழக அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். புதுச்சேரி அரசுப் பணியில் மத்திய அரசு விதிகள்: மகப்பேறுக்கு 180 நாள், அதோடு குழந்தைப் பராமரிப்பு விடுப்பு பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365-க்கு 80 சதவீதம். ஒரு முறை எடுத்தால் 5 நாளுக்குக் குறையாமல் எடுக்க வேண்டும் என்பதால் ஒருநாள் காய்ச்சலுக்கு இது பயன்படாது. பிள்ளையின் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதே மார்ச், ஏப்ரலில்தான் கல்லூரியில் மாடல் தேர்வும் செய்முறைத் தேர்வும் வரும். ஜனவரியிலேயே துறைத்தலைவரிடம் தேதியோடு எழுதிக் கொடுத்து, உங்கள் பாடத்தில் மீதியுள்ள யூனிட்டை யார் எடுப்பார் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.